மண்டலம் எப்படி நாடானது? பர்மாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

பர்மாவை, அதாவது இன்றைய மியான்மரை, ஆங்கிலேயர் மூன்று போர்களில் பிடித்தார்கள், 1948-இல் விட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிப் புத்தகத்தில் பர்மாவுக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். தேதிகளில் தப்பில்லை. ஆனால் இந்த வாக்கியத்தைப் படித்தால், பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததுபோல ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் வாங்கியது வேறு, கொடுத்தது வேறு. 1824-இல் அவர்கள் மோதிய அரசுக்கு எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. 1948-இல் கைமாற்றிய நாட்டுக்கோ பெரும்பாலான பக்கங்களில் அளந்து போட்ட கோடு இருந்தது. இடைப்பட்ட 124 ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், சுதந்திரம் வந்த கையோடு அங்கே உள்நாட்டுப் போரும் ஏன் வந்தது என்பது பாதி புரிந்துவிடும்.

நமக்கு இந்தக் கதை அந்நியமும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும், சென்னை பர்மா பஜார் பக்கம் மாலையில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸும் அங்கிருந்து வந்தவைதான். அவை ஏன் இங்கே வந்தன என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

விளக்கு வெளிச்சம் மாதிரி ஓர் ஆட்சி

வரலாற்று வரைபடங்கள் நம்மை ஏமாற்றும். 16-ஆம் நூற்றாண்டில் பயின்னவுங் என்ற பர்மிய மன்னர் தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியை அடக்கினார். சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தலைநகரான அயுத்தயாவே அவரிடம் பணிந்தது. அவருடைய பேரரசை ஒரே நிறத்தில் தீட்டி, சுற்றிலும் தடித்த கோடு போட்டு அச்சடித்திருப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் சட்டம், அந்தப் பக்கம் வேறொருவர் சட்டம் என்று நாமும் நினைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டைப் பயின்னவுங்கிடமே காட்டியிருந்தால், இது என்ன என்று அவர்தான் நம்மைக் கேட்டிருப்பார்.

அந்தக் காலத்து ஆட்சி முறைக்கு வரலாற்று ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'மண்டலம்'. தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்று நமக்குப் பழகிய சொல்தான். அர்த்தசாஸ்திரத்திலும் அரசர்களின் வட்டத்துக்கு இதே பெயர். இங்கே அதன் பொருளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்வோம்: நடுவில் ஓர் அரசர், அவரிடமிருந்து தள்ளிப் போகப் போக மங்கிக்கொண்டே போகும் அதிகாரம். இருட்டறையில் குத்துவிளக்கை ஏற்றினால் பக்கத்தில் நல்ல வெளிச்சம், கொஞ்சம் தள்ளி அரைவெளிச்சம், மூலையில் இருட்டு. வெளிச்சம் இந்த இடத்தோடு சரி என்று தரையில் சுண்ணாம்புக்கோடு போட முடியாது. அதே அறையின் எதிர் மூலையில் இன்னொரு விளக்கு எரிந்தால், நடுவில் நிற்பவர்மேல் இரண்டு வெளிச்சமும் விழும்.

அப்படி நடுவில் நின்றவர்கள் நிறையப் பேர். இன்று சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருக்கும் சிப்சோங்பன்னா ஒரு சின்ன அரசு. சீனப் பேரரசருக்கும் திறை கட்டியது, பர்மிய மன்னருக்கும் திறை கட்டியது. 'சீனர் தந்தை, பர்மியர் தாய்' என்று அங்கே ஒரு சொல் வழக்கே உண்டு. இன்றைய கண்ணுக்கு இது இரட்டை வேடமாகத் தெரியலாம். இரண்டு யானைகளுக்கு நடுவே பிழைக்க வேண்டிய சின்ன ஊருக்கு அதுதான் புத்திசாலித்தனம். திறை ஒழுங்காக வந்துசேரும்வரை பெரியவர்களும் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். நின்றுபோனால் படை வரும்.

பர்மாவின் கிழக்கே ஷான் மலைநாட்டிலும் இதே கதை. அங்கே 'சாப்வா' என்ற பட்டம் பெற்ற சிற்றரசர்கள் பலர். தம் ஊரில் வரி, வழக்கு, காவல் எல்லாம் அவர்கள் கையில். பர்மிய மன்னருக்கு வருடாவருடம் காணிக்கை அனுப்புவார்கள், போர் என்றால் ஆள் அனுப்புவார்கள், சில சமயம் அரண்மனைக்கு ஒரு மகளையும் அனுப்புவார்கள். அதற்கு மேல் மன்னர் அங்கே வந்து எதையும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நமக்கு இன்று நாடு என்றால் நிலம். அன்று பர்மாவில் நிலம் கொட்டிக் கிடந்தது. உழவும் சண்டை போடவும் ஆள்தான் பஞ்சம். அதனால் மன்னர்கள் எண்ணியது தலைகளை. ஒருவர் மன்னருக்கு நேரடியாக ஊழியம் செய்யும் குடியா, வரி கட்டும் குடியா என்பது பிறப்பிலேயே தீர்ந்துவிடும். அந்தக் கணக்கை வைத்திருந்தவர் 'ம்யோதுஜி' என்ற பரம்பரை வட்டாரத் தலைவர். 1784-இல் போதவ்பயா மன்னர் நாடெங்கும் இவர்களிடம் குடிக்கணக்கும் வரிக்கணக்கும் எழுதி வாங்கினார். போரில் வென்றால் முதலில் கொண்டுவருவதும் மனிதர்களைத்தான். 1767-இல் அயுத்தயாவை அழித்தபோது கைவினைஞர்களையும் கூத்துக் கலைஞர்களையும் குடும்பம் குடும்பமாக ஓட்டிவந்தார்கள். மன்னரின் தொல்லை தாங்காத குடிகளுக்கும் ஒரு வழி இருந்தது: மலைக்கு ஓடிவிடலாம், அல்லது புத்த மடத்தில் சேர்ந்துவிடலாம்.

இளவரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கோர் ஊர், அதன் வருமானத்தில் வாழ்ந்துகொள்ள வேண்டியது. இவர்களுக்கு 'ம்யோசா' என்று பெயர். நேர்ப்பொருள், 'ஊரைத் தின்பவர்'. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, எந்த ஒளிவுமறைவும் இல்லை. கடைசி இரண்டு மன்னர்களை நாம் அழைக்கும் மின்டோன், திபாவ் என்ற பெயர்கள்கூட அவர்கள் இளவரசர்களாக இருந்தபோது 'தின்ற' ஊர்களின் பெயர்கள்தான்.

இத்தகைய அரசின் பலவீனம் எளிதில் தெரியும். கட்டு எல்லாம் ஆளோடு ஆளுக்கு. சாப்வா பணிந்தது பயின்னவுங் என்ற மனிதருக்கு. பர்மா என்ற ஏதோ ஒன்றுக்கு அல்ல. 1581-இல் அவர் இறந்தார். 1599-க்குள் அவருடைய தலைநகரான பெகுவே சூறையாடப்பட்டுக் கிடந்தது. அப்புறம் வேறொரு விளக்கு வேறோர் இடத்தில் எரியும். பகான், அவா, பெகு, அமரபுரா, மாண்டலே என்று தலைநகரங்கள் மாறிக்கொண்டே இருந்தன.

பகான் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் அனவ்ரஹ்தா மன்னர் வளர்த்த அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான புத்தக் கோவில்கள். அவற்றுக்கு நடுவே வணிகர்களின் விஷ்ணு கோவில் ஒன்றும் இருந்தது, நானாதேசி விண்ணகர் என்று. 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் அந்தக் கோவிலுக்கு ஒரு மண்டபமும் கதவும், அணையாமல் எரிய ஒரு விளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. பகானை அது 'புக்கம்' என்று எழுதுகிறது. அவரவர் ஊரைச் சொல்ல மண்டலத்தின் பெயர் போதுமாக இருந்த காலம்.

ஓர் ஆறு, இரண்டு கணக்கு

கடைசி வம்சமான கொன்பவுங்கைத் தொடங்கியவர் அலவுங்பயா. மொக்சோபோ என்ற ஊரின் தலைவராக இருந்தவர், 1752-இல் அரசரானார். 1755-இல் தெற்கே ஒரு துறைமுக ஊரைப் பிடித்து அதற்கு யாங்கோன் என்று பெயர் வைத்தார், 'சண்டை தீர்ந்தது' என்ற பொருளில். ஆங்கிலேயர் வாயில் அது ரங்கூன் ஆனது. சண்டை தீர்ந்தபாடில்லை என்பது வேறு விஷயம். அவருடைய பிள்ளைகள் காலத்தில் அயுத்தயா விழுந்தது, சீனப் படையெடுப்புகள் திருப்பி அடிக்கப்பட்டன. 1784-85-இல் போதவ்பயா மேற்கே கடலோர அரக்கான் அரசைப் பிடித்து, அதன் பெருமையான மகாமுனி புத்தர் சிலையை மலை தாண்டி அமரபுராவுக்குக் கொண்டுவந்தார்.

இந்த வெற்றிதான் வினையாகியது. அரக்கானுக்கு அந்தப் பக்கம் வங்காளம். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி.

அரக்கானியர் ஆயிரக்கணக்கில் நாஃப் ஆற்றைத் தாண்டிச் சிட்டகாங்குக்குத் தப்பிப் போனார்கள். அங்கிருந்து திரும்பி வந்து பர்மியப் படையைத் தாக்கினார்கள். பர்மியப் படை அவர்களைத் துரத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டியது. பர்மிய அரசவையின் பார்வையில் ஓடியவர்கள் மன்னரின் குடிகள். குடி எங்கே போனாலும் மன்னருடையதுதான், பிடித்துவரலாம். கம்பெனியின் பார்வையில் ஆறுதான் எல்லை. அதைத் தாண்டிக் கால் வைத்தால் அத்துமீறல். பேராசை, ஆணவம், வணிகக் கணக்கு எல்லாம் இரண்டு பக்கமும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அடியில் கிடந்த பிணக்கு இதுதான். ஒருவர் ஆளை எண்ணினார், இன்னொருவர் நிலத்தை அளந்தார். அசாமிலும் மணிப்பூரிலும் பர்மியப் படை நுழைந்தது நெருப்பில் எண்ணெய். கடைசியில் நாஃப் ஆற்று முகத்தில் ஷாபுரி என்ற சின்னஞ்சிறு தீவு யாருடையது என்ற தகராறு முற்றி, 1824 மார்ச்சில் போர்.

அந்தப் போரில் சென்னை மாகாணத்துக்குப் பெரிய பங்கு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற அச்சமும், சுமைமாட்டுக்குத் தாங்களே செலவு செய்ய வேண்டிய நிலையும் சேர்ந்து, பாரக்பூரில் வங்காளச் சிப்பாய்கள் கிளம்ப மறுத்தார்கள், பீரங்கியால் அடக்கப்பட்டார்கள். மதராஸ் படையின் சிப்பாய்கள் கப்பலேறி ரங்கூனில் இறங்கினார்கள். ஊர் காலி. மழைக்காலம் தொடங்கியது. வெட்டுக் காயத்தில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் பல மடங்கு. மகா பண்டுலா என்ற பர்மியத் தளபதி 1825 ஏப்ரலில் தனுப்யூவில் குண்டடி பட்டு இறந்ததும் எதிர்ப்பு தளர்ந்தது. 1826 பிப்ரவரி 24-இல் யண்டபோ ஒப்பந்தம். அரக்கானும் தெனாசரிம் கடற்கரையும் போயின. அசாம், மணிப்பூர் மீதான உரிமையும் போனது. அதற்கு மேல் ஒரு கோடி ரூபாய் தண்டம்.

1852-இல் இரண்டாம் போர். இரண்டு ஆங்கிலக் கப்பல் தலைவர்களுக்கு ரங்கூன் ஆளுநர் போட்ட அபராதத்தைச் சாக்காக வைத்துத் தொடங்கி, தெற்குப் பகுதியான கீழ் பர்மா முழுவதையும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி எடுத்துக்கொண்டார். இம்முறை ஒப்பந்தம்கூட இல்லை, வெறும் அறிவிப்பு.

மிஞ்சிய மேல் பர்மாவை ஆண்ட மின்டோன் (1853–1878) கெட்டிக்காரர். விளக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, கோடு போட்டு ஆள்பவர்களோடு போட்டி போட முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. ஊரைத் தின்னும் வழக்கத்தைக் குறைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்து, அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்க முயன்றார். மயில் முத்திரை நாணயம் அடித்தார், 1857-இல் மாண்டலேயைக் கட்டத் தொடங்கினார், ஐரோப்பாவுக்குத் தூது அனுப்பினார். 729 பளிங்குக் கற்களில் புத்த மறை முழுவதையும் செதுக்கி நட்டார். அவை இன்றும் நிற்கின்றன. ஆனால் செருப்பில் இடறினார். மன்னர் முன்னால் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். 1875-இல், இனி எங்கள் அதிகாரிகள் கழற்ற மாட்டார்கள் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது. மின்டோன் இறங்கி வரவில்லை. அதோடு ஆங்கிலத் தூதர் மன்னரை நேரில் பார்ப்பதே நின்றது.

அவர் மகன் திபாவ் பட்டம் ஏறியதும் அரச குடும்பத்தில் பலர் கொல்லப்பட்டார்கள். ரங்கூன் வணிகர்களுக்கும் லண்டன் பத்திரிகைகளுக்கும் அது நல்ல தீனி. 1885-இல் பம்பாய் பர்மா வணிக நிறுவனம் தேக்கு மரத்துக்குக் குறைவாகப் பணம் கட்டியதாகச் சொல்லி அரசவை 23 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. பிரான்ஸ் உள்ளே வந்துவிடுமோ என்ற பயம் ஆங்கிலேயருக்கு ஏற்கெனவே இருந்தது. நவம்பரில் ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பல்கள் மேலேறின, இரண்டே வாரம். நவம்பர் 29-இல் திபாவும் அரசி சுபயாலத்தும் மாட்டுவண்டியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகப்பட்டு, 'தூரியா' என்ற கப்பலில் ஏற்றப்பட்டார்கள். நம் 'சூரியன்' தான் பர்மிய உச்சரிப்பில் தூரியா. சில மாதம் மதராசில் வைத்திருந்துவிட்டு, 1886-இல் மேற்குக் கடற்கரையில் ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். திபாவ் 1916-இல் அங்கேயே இறந்தார். டெல்லியின் கடைசி முகலாயரை ரங்கூனுக்கு அனுப்பி, மாண்டலேயின் கடைசி மன்னரை ரத்தினகிரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

விளக்கை எடுத்த பிறகு

இங்கே ஒரு முக்கியமான திருப்பம். ஐதராபாத், மைசூர், திருவிதாங்கூர் போல ஒரு மன்னரைப் பொம்மையாக உட்கார வைத்து ஆளலாம் என்ற யோசனை இருந்தது. மலேயாவில் சுல்தான்களை அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். பர்மாவில் வைஸ்ராய் டஃபரின் பிரபு வேண்டாம் என்று முடிவு செய்தார். 1886 ஜனவரி 1 முதல் மேல் பர்மாவும் ஆங்கில அரசுக்குச் சொந்தம். மன்னர் இல்லை, அவருடைய 'லுத்தோ' என்ற அமைச்சரவை இல்லை. மன்னர் நியமித்து வந்த புத்த சங்கத் தலைமையும் ஆதரவின்றி ஆடிப்போனது. அரண்மனை 'டஃபரின் கோட்டை' ஆனது. அதில் ஒரு பகுதி வெள்ளைக்காரர் கிளப்.

மாண்டலேயைப் பிடிக்க இரண்டு வாரம். ஊர்ப்புறத்தை அடக்க ஐந்து வருடம், 30,000-க்கு மேற்பட்ட படை. எதிர்த்தவர்களில் இளவரசர்கள், பழைய அதிகாரிகள், துறவிகள், கொள்ளையர்கள் எல்லாரும் கலந்திருந்தார்கள். பரம்பரை ம்யோதுஜிகளின் செல்வாக்கை உடைத்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் அரசே ஒரு தலைவரை நியமித்தது. கலகக்காரர்களுக்குச் சோறு போட்ட கிராமத்துக்குக் கூட்டுத் தண்டனை. இந்தியாவிலிருந்து எடுத்துவந்த சட்டம், அளவைச் சங்கிலி, பட்டா, சென்சஸ். பழைய சமூகத்தில் மன்னருக்கும் குடிக்கும் நடுவில் இருந்த எல்லாக் கண்ணிகளும் பதினைந்து இருபது வருடத்தில் கழன்றுபோயின.

மலைப்பகுதிகளில் வேறு கணக்கு. ஷான் சாப்வாக்கள் பணிந்தது மன்னருக்கு. மன்னரே போன பிறகு யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. சிலர் லிம்பின் இளவரசரைப் புது மன்னராக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1887 முதல் ஒவ்வொருவராக ஆங்கிலேயரிடம் பணிந்து, தத்தம் ஊரைத் தாமே ஆளும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். கச்சின், சின் மலைகளையும் தனியாக வைத்து ஆண்டார்கள். கரென்னி சிற்றரசுகள் பிரிட்டிஷ் பர்மாவில் சேர்க்கப்படவே இல்லை. அவற்றின் மேற்குப் பகுதி தனி என்று 1875-இலேயே மின்டோனோடு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக, சுற்றிலும் ஒரே கோடு; உள்ளே இரண்டு மூன்று விதமான ஆட்சி. பழைய மண்டலத்தில் அதிகாரம் மங்கி மங்கிப் போன இடங்களை இவர்கள் தனித்தனி அறைகளாகச் சுவர் வைத்துப் பிரித்துவிட்டார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுத்ததும் கரென், கச்சின், சின் மக்களிடமிருந்துதான். பெரும்பான்மை இனத்தவரான பர்மியர்களைப் பெரும்பாலும் தள்ளியே வைத்தார்கள். இது பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்ப்போம்.

தெற்கில் நடந்தது இன்னும் வேகம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவில் அரிசிக்கு விலை. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வயலாயின. 1850-களில் பத்து லட்சம் ஏக்கரைத் தொடாத நெல் சாகுபடி, 1930-களில் ஒரு கோடி ஏக்கரை ஒட்டி வந்துவிட்டது. காட்டை வெட்டிய பர்மிய உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1650 செட்டியார் கடைகள். ரங்கூன் மொகல் தெருதான் அவர்களுக்குத் தலைமையிடம். ஊர் ஊராகக் கிட்டங்கிகள் (அவர்கள் தங்கித் தொழில் செய்த விடுதிகள்), முருகன் கோவில்கள். அறுவடைக்கும் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் தெலுங்கு, தமிழ், ஒடியக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1931 சென்சஸில் ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர். அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதாளத்துக்குப் போனது, கடன் அடையவில்லை, அடகு நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது விற்க முடியாத நிலம். நிலத்தை இழந்த பர்மியருக்கு இந்த நியாயமெல்லாம் காதில் ஏறுமா? காரைக்குடித் தேக்குத் தூணைத் தடவிப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

'நாம்' என்றால் யார்?

மன்னர் போன பிறகு எதை வைத்து ஒன்றுகூடுவது? முதலில் கிடைத்தது புத்த மதம். அதிலும் மறுபடி செருப்புதான். கோவில் வளாகத்தில் ஐரோப்பியர் காலணியோடு நடப்பதை இளம் பௌத்தர் சங்கம் எதிர்த்தது. ஒவ்வொரு கோவிலிலும் அதன் தலைமைத் துறவியே முடிவு செய்யலாம் என்று 1919-இல் அரசு இறங்கி வந்தது. மன்னர் தோற்ற வழக்கில் குடிகள் வென்றார்கள் என்று எனக்குத் தோன்றும். 1920 டிசம்பரில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் வேலைநிறுத்தம். இந்திய விடுதலை இயக்கத்தைப் பார்த்து வந்த ஊ ஒத்தமா என்ற துறவி, ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சிறை சென்றார். இன்னொரு துறவி ஊ விசாரா, சிறையில் காவி உடை உடுத்தும் உரிமை கேட்டு 166 நாள் உண்ணாமல் இருந்து 1929-இல் இறந்தார்.

1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் வெடித்த சாயா சான் கலகம் மண்டலக் கால அரசியலின் கடைசி மூச்சு. நாட்டு வைத்தியரான அவர் தம்மை மன்னராக முடிசூட்டிக்கொண்டார். குண்டு துளைக்காதென்று பச்சை குத்திக்கொண்ட உழவர்கள் அவர் பின்னால் போனார்கள். 1931 நவம்பரில் தூக்கு. அவருக்காக வாதாடிய பா மோ, 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிந்தபோது முதல் பிரதமரானார். அதுவரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

புதிய தலைமுறை மன்னரைத் தேடவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியர்களுக்கும் மூண்ட கலவரத்தை அடுத்து 'தொபமா', அதாவது 'நாம் பர்மியர்' என்ற சங்கம் எழுந்தது. வெள்ளைக்காரரை 'தக்கின்' (எஜமான்) என்று கூப்பிடும் வழக்கத்தைத் திருப்பிப்போட்டு, தங்கள் பெயருக்கு முன்னால் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பர்மா நம் நாடு, பர்மிய எழுத்து நம் எழுத்து, பர்மிய மொழி நம் மொழி என்பது முழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரென் கிறித்தவருக்கும் ஷான் உழவருக்கும் ரங்கூன் தமிழருக்கும் அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் இடம் எங்கே?

1936 மாணவர் வேலைநிறுத்தத்தில் வெளிச்சத்துக்கு வந்த ஆங் சான், 1940-இல் நாட்டைவிட்டுத் தப்பி ஜப்பானியரிடம் போனார். 'முப்பது தோழர்கள்' என்ற அவருடைய குழு ஹைனான் தீவில் ராணுவப் பயிற்சி பெற்று, ஜப்பானியப் படையோடு திரும்பி வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் காட்டுவழியாக வங்காளத்துக்கும் அசாமுக்கும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் 'பர்மா நடைப்பயணம்' என்று சொல்வது இதைத்தான். 1943-இல் ஜப்பான் கொடுத்த 'சுதந்திரம்' பெயருக்குத்தான் என்று தெரிந்ததும், 1945 மார்ச் 27-இல் ஆங் சானின் படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. ஜப்பானியர் பக்கம் பர்மியர், ஆங்கிலேயர் பக்கம் கரென், கச்சின் என்று போர் நடந்த இடங்களில், போருக்குப் பிந்தைய பேச்சுவார்த்தை எவ்வளவு கசப்போடு தொடங்கியிருக்கும் என்று பாருங்கள்.

லண்டனில் பிரதமர் அட்லியின் அரசு இந்தியாவையே விடத் தயாராகிக்கொண்டிருந்தது. 1947 ஜனவரி 27-இல் ஆங் சானும் அட்லியும் கையெழுத்திட்டார்கள்: ஒரு வருடத்துக்குள் சுதந்திரம். மலைமக்களை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. மலைகளைத் தனியே விட்டுவிடலாம் என்று சில ஆங்கில அதிகாரிகளுக்கு ஆசை. பிப்ரவரி 12-இல் ஷான் மாநிலத்தின் பாங்லோங் ஊரில் ஷான், கச்சின், சின் தலைவர்கள் ஆங் சானோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். உள்நாட்டு நிர்வாகத்தில் தன்னாட்சி உண்டு என்ற வாக்கை நம்பி, சேர்ந்தே சுதந்திரம் பெறச் சம்மதித்தார்கள். கரென்கள் பார்வையாளராக வந்துபோனார்கள். கரென்னி, மோன், அரக்கானியர் கையெழுத்து அதில் இல்லை. அந்த வருடமே எழுதிய அரசியல் சட்டம் ஷான், கரென்னி மாநிலங்களுக்குப் பத்து வருடம் கழித்துப் பிரிந்துபோகும் உரிமையைக்கூடக் கொடுத்தது.

மலைத்தலைவர்கள் கையெழுத்திட்டது ஆங் சான் என்ற மனிதரை நம்பி. பயின்னவுங் காலத்திலிருந்து நாம் பார்த்த அதே ஆளோடு ஆள் கட்டு. 1947 ஜூலை 19 காலை, அமைச்சரவைக் கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த அமைச்சர்கள் பலரும் இறந்தார்கள். ஆங் சானுக்கு அப்போது வயது 32. அனுப்பியவர் என்று முன்னாள் பிரதமர் ஊ சா மீது குற்றம் நிரூபணமாகி, மறுவருடம் தூக்கு.

1948 ஜனவரி 4, விடிகாலை 4 மணி 20 நிமிடம். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம். ஆங்கிலக் கொடி இறங்கியது. பர்மா காமன்வெல்த்தில் சேரவும் இல்லை. முதல் குடியரசுத் தலைவர் யவுங்வேயின் சாப்வா, சாவோ ஷ்வே தைக். பிரதமர் தக்கின் நூ. ஒருவர் மண்டலக் காலத்து மலையரசர், இன்னொருவர் 'நாம் பர்மியர்' சங்கத்துக்காரர்.

மூன்றே மாதத்தில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 1949 ஜனவரியில் கரென்கள் எழுந்தார்கள்; ஆங்கிலேயர் பயிற்சி கொடுத்த கரென் படைப்பிரிவுகளும் சேர்ந்துகொண்டன. ரங்கூனின் வாசலிலேயே இருக்கும் இன்செயின் 112 நாள் அவர்கள் கையில் இருந்தது. அந்த மாதங்களில் நூவின் ஆட்சிக்குப் பெயரே 'ரங்கூன் அரசு' என்று ஆகிப்போனது. வரைபடத்தில் மட்டும் கோடு அப்படியே இருந்தது.